ஆடு தொட்டுப் பார்த்த செடி

அம்பத்தூரில் ரயில் ஏறும்போது மணி ஏழே கால். பட்டாபிராமுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஒரு செடியைப் பார்ப்பதற்காகக் கிளம்பியிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் சளி கட்டிக்கொண்டு இருமல் நிற்கவில்லை. "ஆடாதொடை இலை கெடைச்சா கஷாயம் வெச்சுக் குடிச்சுடுவேன்" என்றாள். தெருமுனையில் கீரை விற்பவரிடம் கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டைப் பையில் போட்டார், இருபது ரூபாய். வீட்டில் பிரித்ததும் அம்மா ஒரு இலையை எடுத்து விரலால் கசக்கி முகர்ந்தாள். "இது நொச்சிடா. வேது பிடிக்கலாம், இதையா குடிக்கச் சொல்ற?" ஒரே காம்பில் ஐந்து விரல் விரித்தாற்போல் இலை இருந்தால் அது நொச்சி. எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, பட்டாபிராமிலிருந்து வரும் நண்பர், "எங்க பக்கம் வேலியே அதுதான். ஆடு வாய் வைக்காது, அதனாலதான் ஆடு தொடா இலைன்னு பேரு" என்றார். இலையையும் பார்க்க வேண்டும், ஆடு வாய் வைக்கிறதா இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆவடியில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. அடுத்த நிறுத்தம் இந்து கல்லூரி. அந்தப் பக்கம் வந்தால் இப்போது கண்ணில் முதலில் படுவது 21 மாடி டைடல் பார்க்தான். 2024 நவம்பரில் திறந்தார்கள். அதற்கடுத்து பட்டாபிராம். ராணுவக் கிடங்குக்குப் பிரியும் தண்டவாளம் இங்கிருந்துதான் போகிறது. ரயில் நிலையத்தின் ஓரத்துப் புதரையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். எருக்கு, ஆமணக்கு, வேலிக்காத்தான், உண்ணிச்செடி. ஆடாதொடை இல்லை.

சி.டி.எச். ரோட்டில் லாரிப் புழுதி. டீ பதினைந்து ரூபாய். கடைத்தெருவில் சாக்கு விரித்துக் கீரை வைத்திருந்த நான்கு பேரையும் கேட்டேன். அரைக்கீரை இருபது, முருங்கை பதினைந்து, முள் குத்தாமல் வாழை மட்டையில் சுற்றிய தூதுவளை முப்பது. நொச்சியும் இருந்தது. ஆடாதொடை யாரிடமும் இல்லை. கடைசியாக இருந்த அம்மா சிரித்துவிட்டார். "வேலில கெடக்குறத யாரு தம்பி காசு குடுத்து வாங்குவா? சித்துக்காடு பக்கம் போ, ஒடிச்சுக்கினு வா."

போகும் வழியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. உள்ளே நுழைந்ததும் சுக்கும் வசம்பும் வெட்டிவேரும் கலந்த நெடி. கூரை வரைக்கும் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர். ஆடாதொடை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் டப்பாக்களை அண்ணாந்து பார்த்தபடியே, "ஆடுதீண்டாப்பாளை தானே சார்?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இல்லை, ஆடாதொடை என்று மறுபடி அழுத்திச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். ஆடு தொடாது, ஆடு தீண்டாது" என்றார்.

சொல்லை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. செடியை வைத்துப் பார்த்தால் ஆபத்து. ஆடுதின்னாப்பாளை என்றும் ஆடுதீண்டாப்பாளை என்றும் சொல்லப்படுவது தரையோடு படரும் சின்னச் செடி. இலை வட்டமாக, காம்புப் பக்கம் உள்வாங்கியிருக்கும். கசக்கினால் குமட்டும். பூச்சி கடி, தோல் நோய், வயிற்றுப் புழு என்று பழைய வைத்தியத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் அது சேர்ந்த குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. சிறுநீரகத்தை அழிப்பது அது. புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலியக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. இரண்டுக்கும் 'ஃபாங் ஜி' என்றே பெயர் முடியும். கலந்தது இந்தக் குடும்பத்துச் செடி. நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகம் கெட்டுப் போனார்கள். பெயர் ஒன்றுபோல் இருந்ததுதான் காரணம். பட்டாபிராமில் ஒரு கடை மேசை முன்னால் அதே மாதிரி இரண்டு பெயர்களுக்கு நடுவே நான் நின்றிருந்தேன்.

அவரிடம் எதிர்வாதம் செய்யவில்லை. ஆடாதொடைப் பொடி இருக்கிறதா என்று கேட்டேன். நூறு கிராம் பாக்கெட், அறுபது ரூபாய். மங்கலான பச்சை. பழைய தேயிலை போல ஒரு வாசனை. பொடியாகிவிட்ட பிறகு அது எந்த இலை என்று என் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வாங்காமல் வைத்துவிட்டேன். பக்கத்தில் கபசுரக் குடிநீர்ச் சூரணம் அடுக்கியிருந்தது. 2020இல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாக அண்டாவில் காய்ச்சி ஊற்றினார்களே, அதுதான். அதில் சேரும் பதினைந்து சரக்குகளில் ஆடாதொடை இலையும் ஒன்று. அந்த வருடம் டம்ளர் டம்ளராகக் குடித்த நம்மில் எத்தனை பேர் அந்த இலையைப் பார்த்திருப்போம்?

இரண்டு கடை தள்ளி ஆங்கில மருந்துக் கடை. கண்ணாடி அலமாரியில் இருமல் சிரப் வரிசையாக நின்றது. அம்ப்ராக்சால் என்று எழுதிய ஒரு புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இதற்கும் ஆடாதொடைக்கும் உறவு இருக்கிறது. உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் வேதியியலாளராக, கொய்னா மரப்பட்டையைச் சோதிக்கும் வேலையில் இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் ஆடாதொடை இலையிலிருந்து ஒரு ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து அதைப் பற்றி எழுதினார். வடமொழியில் இந்தச் செடிக்கு வாசா, வாசகா என்று பெயர். அதனால் பொருளுக்கு வாசிசின் என்று பெயர் வந்தது. அந்த வாசிசினின் அமைப்பைப் பார்த்து, 1960களில் ஜெர்மனியில் ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். ப்ரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறுகிற பொருள்தான் அம்ப்ராக்சால். கட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ளுவது இரண்டின் வேலையும். அம்மா கேட்ட கஷாயத்தின் வேலையும் அதுதான்.

சித்துக்காட்டுக்குப் பூந்தமல்லி போகும் ரோட்டில் போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் வாங்கினார். ஐந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். முதலில் வீடுகள், பிறகு செங்கல்லும் ஜல்லியும் விற்கும் இடங்கள், அதற்குப் பிறகு நிலம் திறந்துகொள்கிறது. நெல் நட்ட வயலும், மனைக் கல் நட்ட வயலும் மாறி மாறி வந்தன. சித்தர்கள் தங்கிய காடு என்பதால் சித்தர்காடு, அதுவே சித்துக்காடு ஆயிற்று என்பது இங்கே எல்லோரும் சொல்லும் விளக்கம். ஊரில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. சாமிக்குப் பெயர் தாத்திரீஸ்வரர். தாத்திரி என்றால் நெல்லி. ஊர்ப் பெயரில் சித்தர், சாமி பெயரில் மருந்து மரம். ஆனால் காடு என்று சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. மதில் ஓரத்தில் துளசி, அரளி, வில்வம். நான் தேடியது இல்லை.

கோயிலிலிருந்து வயல் பக்கமாக ஒரு மண் பாதை. அரை கிலோமீட்டர் நடந்திருப்பேன். ஓட்டு வீடு ஒன்று, அதன் மூன்று பக்கமும் வேலி. வேலியின் ஒரு பக்கம் கருவேல முள், இன்னொரு பக்கம் பழைய கொசுவலையும் சேலையும் கட்டியது, மூன்றாவது பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே அடர்ந்த பச்சை. மாசி வெயிலில் சுற்றிலும் புல் காய்ந்து கிடந்தது. இது மட்டும் நேற்று மழை பெய்தது போல் நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தேன். இலை மாவிலை சாயல், ஆனால் மாவிலையின் முறுக்கு கிடையாது, மெத்தென்று தொங்குகிறது. என் கையால் ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் கூர். எதிரெதிராக இரண்டிரண்டு இலை. அவை கிளம்பும் இடத்தில் தண்டு கணு வீங்கியிருக்கிறது, முட்டி போல. நுனியில் பச்சை மடல்கள் அடுக்கிய கதிர், அதிலிருந்து வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கின்றன. பூ இரண்டு உதடாகப் பிளந்திருக்கிறது. கீழ் உதட்டில் ஊதா வரிகள், தேனீ இறங்க வேண்டிய வழியைக் கோடு போட்டுக் காட்டியது மாதிரி. வடமொழியில் இதற்குச் சிம்மாஸ்யம் என்று இன்னொரு பெயர், சிங்க முகம். பூவைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் திறந்த வாய் தெரியத்தான் செய்கிறது.

ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கின் அடியிலிருந்து கசப்பு ஏறியது. அரை பாட்டில் தண்ணீர் குடித்தும் போகவில்லை.

"யாருப்பா அது, வேலிய மேயறது?" என்று உள்ளேயிருந்து குரல். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு ஆயா வந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். "ஆடாதொடதான் கண்ணு. எங்க மாமியார் வெச்சது. அந்தாண்ட முள்ள வெட்டி வெட்டி மாத்தறோம். இத நான் ஒரு நாளும் தண்ணி ஊத்துனது இல்ல."

ஆடு வாய் வைக்காதா என்று கேட்டேன். "வைக்காது" என்றார். பார்க்க வேண்டும் என்றேன். வாசல் திண்ணையைக் காட்டி, "குந்து. பத்து மணிக்கு ஓட்டிக்கினு வருவாங்க" என்றார்.

பத்தே காலுக்கு வந்தன. பதினொரு ஆடுகள், ஓட்டி வந்தவர் ஒரு நடுத்தர வயதுக்காரர். ஏழெட்டு ஆடுகள் நேரே வேலிப் பக்கம் போயின. நான் எழுந்து போய்ச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு கறுப்பு ஆடு முன்னங்காலை வேலியின் மேல் தூக்கி வைத்து ஆடாதொடைக்குள் முகத்தை நுழைத்தது. போச்சு, பெயர் பொய்யாகிவிட்டது என்று நினைத்தேன். இன்னும் கிட்டே போனேன். செடியின் மேல் கோவைக் கொடி படர்ந்திருந்தது. ஆடு அந்தக் கொடியை இழுத்து இழுத்துத் தின்றது. நடுவில் ஆடாதொடை இலை உதட்டில் பட்டபோதெல்லாம் தலையை உதறி விலக்கியது. ஒரு குட்டி மட்டும் இளந்துளிர் ஒன்றைக் கடித்தது. மென்றது பாதி, துப்பியது பாதி. அப்புறம் அது அந்தப் பக்கமே வரவில்லை. இருபது நிமிடத்தில் கோவைக் கொடி மொட்டையாயிற்று. ஆடாதொடை அப்படியே நின்றது.

ஆகவே நான் கண்டதை இப்படித்தான் எழுத வேண்டும்: ஆடு தொடுகிறது, தின்பதில்லை. ஆட்டுக்காரரிடம் கேட்டேன். "பசிச்சா எதையும் கடிக்கும்ணா. ஆனா ரெண்டாவது வாய் வைக்காது" என்றார்.

ஆடு ஒதுக்கிய இந்தப் பெயர் வெகுதூரம் போயிருக்கிறது. 1670களில் இலங்கையில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பால் ஹெர்மன், அங்கே செடிகளைச் சேகரித்தார். பிறகு லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்து, 1687இல் அதன் செடிப் பட்டியலை வெளியிட்டபோது 'இலங்கையரின் அதாடோடா' என்று இதைப் பதிந்தார். லின்னேயஸ் 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது அதையே எடுத்துக்கொண்டு 'ஜஸ்டிசியா அதாடோடா' என்றார். முதல் பாதி ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் ஜேம்ஸ் ஜஸ்டிஸின் பெயர், பின்பாதி நம்முடையது. உலகில் எந்தத் தாவரவியல் அறையில் இந்த இலையை ஒட்டி வைத்தாலும் கீழே ஒரு தமிழ்ச் சொல் எழுதப்படுகிறது. மலையாளத்தில் ஆடலோடகம், கன்னடத்தில் ஆடுசோகே, இந்தியில் அடூசா. சிங்களத்தில் ஆடதோடா என்பதோடு பாவட்டா என்றும் சொல்கிறார்கள். தமிழில் பாவட்டை என்றால் வேறு செடி. பெயர் கடல் தாண்டும்போது செடி மாறிவிடுவதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேலியின் கோடியில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று, வாயில் சாக்கு கட்டியிருந்தது. கிட்டே போனபோதே கோமியமும் அழுகின தழையும் சேர்ந்த வாடை மூக்கைப் பிடித்தது. ஆயாவின் மகன் வயலிலிருந்து வந்தவர் சாக்கை விலக்கிக் காட்டினார். கத்திரிக்காய்க்கு அடிக்கும் பூச்சிவிரட்டி. ஆடாதொடை, நொச்சி, வேம்பு, எருக்கு, ஊமத்தை, ஐந்தையும் இடித்துக் கோமியத்தில் ஊறப் போட்டிருக்கிறார். "ஆடு மாடு திங்காத தழையா பாத்துப் போடணும்ணா. ஆட்டுக்குப் புடிக்காதது புழுவுக்கும் புடிக்காது." பத்து லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலாக என்றார். இயற்கை விவசாயம் செய்பவர்கள் பலரும் சொல்லும் கணக்கு இதுதான். பலன் உண்டா என்றேன். இரண்டு பாத்தியைக் காட்டினார். அடித்த பாத்தியில் இலை ஓட்டை குறைவு. ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டுச் செடியில் இரண்டில் புழு இருந்தது. அதை அவரே பிரித்துக் காட்டினார்.

ஆயாவிடம் கஷாயம் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். பழுத்ததும் இல்லாமல் துளிரும் இல்லாமல் முற்றின பச்சை இலையாக மூன்று. நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். நான்கு மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை சின்ன நெருப்பு. இறக்கிப் பனங்கற்கண்டு. ஆறின பிறகு தேன் விட்டாலும் சரி. "மூணு நாளு. அதுக்கு மேல குடிக்காத. கேக்கலன்னா ஆஸ்பத்திரி போ" என்றார். இலைச்சாற்றில் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சினால் அதுவே சித்த வைத்தியத்தின் ஆடாதொடை மணப்பாகு; அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பிள்ளைகளின் இருமலுக்குக் கொடுப்பார்கள். தொண்டை கட்டினவரையும் பாட வைக்கும் என்று பேர் வாங்கின மருந்து.

கிளம்பும்போது ஆயா கையைப் பிடித்து நிறுத்தினார். "வூட்ல புள்ளத்தாச்சி யாராச்சும் கீறாங்களா? இருந்தா குடுக்காத." ஏன் என்று கேட்டதற்கு, "எங்க மாமியார் சொல்லும், வயித்துல நிக்காதுன்னு" என்றார். இதை வெறும் பயம் என்று தள்ள முடியாது. ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் வாசிசினைச் சோதித்தவர்கள், அது கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று 1980 வாக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். ஓட்டு வீட்டு மாமியாருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

ஆயா வேலியில் கை விட்டு, விரல் மொத்தத்தில் நான்கு குச்சிகளை ஒடித்தார். ஒவ்வொன்றிலும் மூன்று கணு. "ரெண்டு கணு மண்ணுக்குள்ள, ஒண்ணு வெளிய. நிழல்ல வெய்யி." காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஒரு கைப்பிடி இலையும் சேர்த்துப் பையில் போட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோ கிடைக்காமல் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். கடைத்தெருவை அடைந்தபோது மணி பன்னிரண்டேகால். நாட்டு மருந்துக் கடையில் கூட்டமில்லை. மேசையில் ஒரு இலையையும் பூக்கதிரையும் வைத்தேன். "அண்ணே, இதுதான் ஆடாதொடை. ஆடுதீண்டாப்பாளை வேற. அது கிட்னிக்கு ஆகாது."

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கசக்கி முகர்ந்தார். நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து முகம் சுளித்தார். பிறகு காலையில் நான் வாங்காமல் விட்ட பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, ஒரு சிட்டிகைப் பொடியையும் நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கசப்பு இருக்கு சார். ஆனா இந்தக் கசப்பு இல்ல."

ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே காய்ந்த இலைகள் இருந்தன, பொடியாகாதவை. வட்டமாக, காம்புப் பக்கம் உள்வாங்கி. என் இலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டப்பாவின் மேல் வெள்ளைப் பெயிண்டில் 'ஆடு' என்பது மட்டும் தெரிந்தது. மீதி எழுத்து உரிந்து போயிருந்தது.

"அந்தப் பூவ இங்கியே வெச்சுட்டுப் போறீங்களா?" என்றார்.